வெளிமாநிலத் தொழிலாளர்களிடையே களப்பணி: கொங்குப் பகுதிச் சமூகப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், மருத்துவமனைச் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். வருடா வருடம் ஆள் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சில கேள்விகள் காதுக்கு இதமாக இருக்காது, ஆனால் மனதில் வைத்துக்கொண்டு சிரிப்பதைவிட வாய்விட்டுக் கேட்பது மேல்.

ஏனுங்க, பீகார்ல இருந்து வர்றவங்களை "இமிகிரண்ட்"னு சொல்லலாமா? யாரு யாரு இந்தக் கணக்குல வர்றாங்க?

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப் பிரதேசத்திலிருந்து வருபவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டுக்குள் எங்கும் போகவும் தங்கவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. நாம் மனது வைத்துக் கொடுத்த இடம் இல்லை அது. எல்லை தாண்டி வந்தவர்கள் வேறு: இலங்கைத் தமிழர்கள், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி விசா இல்லாமல் வந்து வேலை பார்க்கும் நேபாளிகள், மற்ற வெளிநாட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் சட்டம் வேறு. அன்றாடப் பாடு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: பெரும்பாலோருக்குப் பேச்சு புரியாது, முகவரிச் சான்று இருக்காது, அவசரத்துக்குத் தெரிந்த ஆள் இருக்காது.

இன்னொரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 1980, 90களில் பனியன் கம்பெனிக்கு வேலை தேடி மதுரை, தேனி, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். இன்றைக்கு அவர்களில் பலர் லைன் வீட்டுச் சொந்தக்காரர்கள். "வடக்கத்திக்காரங்களுக்கு வீடு இல்லை" என்று சொல்லும் ஆளிடம், அவர் இந்த ஊருக்கு வந்த கதையை முதலில் கேளுங்கள். பேச்சு அங்கிருந்து நன்றாகவே நகரும்.

நம்ம பசங்களுக்கே வேலை இல்லாதப்ப இவங்களுக்காக நாம எதுக்குங்க மெனக்கெடணும்?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தால் கூலி உயராது. தொழிற்சங்கக்காரர்கள் இதைச் சொல்லும்போது நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மற்ற பாதியையும் பார்க்க வேண்டும். வார்ப்படப் பட்டறைச் சூட்டிலும், சாயப்பட்டறை ஈரத்திலும், ஸ்பின்னிங் மில் பஞ்சுத் தூசியிலும் நிற்க உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. கல்லூரிக்குப் படிக்க வைத்த அப்பா அம்மாவும் அனுப்புவதில்லை. அதில் தப்பும் இல்லை.

கூலியைக் குறைப்பது வந்தவர் இல்லை, குறைத்துக் கொடுப்பவர்தான். உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் வெளிமாநில ஆளுக்கும் தர வேண்டும் என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று வந்த 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அது மட்டும் ஒழுங்காக நடந்திருந்தால் "மலிவான ஆள்" என்ற பேச்சே இருந்திருக்காது. ஆகவே ஒடிசாக்காரரின் கூலிச் சீட்டுக்காக நீங்கள் அலைவது பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் அக்காவுக்காகவும்தான்.

நிஜத்தைச் சொன்னா எனக்கே இவங்களைப் பிடிக்கலைங்க. அதை வெச்சுக்கிட்டு இந்த வேலை செய்யலாமா?

செய்யலாம், அது இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால். எனக்குப் பயமெல்லாம் "எனக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது" என்று சொல்பவர்களைப் பார்த்துத்தான். சமூகப் பணிக்கென்று 2014இல் ஏற்றுக்கொண்ட உலகளாவிய வரையறையில் மனித உரிமையும் பன்மைக்கு மதிப்பும் இருக்கின்றன. தேர்வில் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அது மனதில் இறங்கியதா என்பது கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும்.

ஒரே லைன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு மாணவர்கள் எழுதியது இது. ஒருவர்: "பீகார் குடும்பம். சுத்தம் பற்றிய விழிப்புணர்வு இல்லை." இன்னொருவர்: "பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர். எட்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை, அதுவும் இவர்கள் ஷிப்டில் இருக்கும் நேரத்தில்." முதல் குறிப்பை வைத்துக்கொண்டு விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்து மாநகராட்சியிடமும் வீட்டுக்காரரிடமும் பேசலாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் "இதையே உள்ளூர்க் குடும்பத்தைப் பற்றி எழுதுவேனா" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மரியாதை. சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா" என்று கேட்கும் ஊர் இது. அதே வாய், ஐம்பது வயது ஒடிசாக்காரரை "ஏய், இங்க வா" என்கிறது. பாஷை புரியாவிட்டாலும் தொனி யாருக்கும் புரியும்.

பாவம்னு இரக்கப்படறது நல்லதுதானுங்களே?

இரக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரக்கப்படுகிறவர் அவருக்காகத் தானே முடிவெடுத்துவிடுகிறார் என்பதுதான் சிக்கல். மிஷினில் விரல் போன தொழிலாளியின் மனைவியிடம் "பேசாம ஊருக்குப் போயிடுங்க, டிக்கெட் போட்டுத் தர்றோம்" என்கிறோம். அவருக்கோ ஊரில் கடன் காத்திருக்கிறது, இங்கே பிள்ளை பள்ளிக்குப் போகிறது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழக்கு பாதியில் நிற்கிறது. ஊருக்கு அனுப்பிவிட்டால் நம் மனது ஆறும், அவர் பிழைப்பு ஆறாது.

வெறுப்பவரும் இரங்குபவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று இருவருமே கேட்பதில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போட்டோ எடுத்துப் போடுவதைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது, விட்டுவிடுகிறேன்.

எனக்கு இந்தி தெரியாதுங்க. கூட்டிட்டு வந்த காண்ட்ராக்டரே நல்லாத் தமிழ் பேசறாரு, அவரையே வெச்சுப் பேசிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காண்ட்ராக்டர் நல்லவராகவே இருக்கட்டும். ஆளை ஊரிலிருந்து அழைத்து வந்தவர், அட்வான்ஸ் கொடுத்தவர், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர் அவர். நீங்கள் கேட்கப் போகும் கேள்வியே அவரைப் பற்றியது. ஒரு பெண்ணிடம் "இரவு ஷிப்டுக்கு ஒத்துக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டால் அவள் ஒரு நிமிடம் பேசுவாள், நடுவில் தரையைப் பார்ப்பாள், குரல் உடையும். அவர் நம் பக்கம் திரும்பி, "ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு சொல்லுதுங்க சார்" என்பார். ஒரு நிமிடப் பேச்சு நான்கு சொல்லாகச் சுருங்கினால் அங்கேயே பேட்டியை நிறுத்திவிடுங்கள். வெளிப்படையாகச் சண்டை போட வேண்டாம். "சரிங்க, அப்புறம் வர்றேன்" என்று எழுந்து, வேறு ஆளோடு வேறு இடத்தில் பாருங்கள்.

இந்தி தெரிந்துவிட்டால் எல்லாம் ஆச்சு என்றும் நினைக்காதீர்கள். ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் வீட்டில் பேசுவது சாத்ரி, ஹோ, சந்தாலி, முண்டாரி. ஒடிசாக்காரருக்கு ஒடியா. அசாமிலிருந்து வரும் சிலருக்கு போடோ. பீகாரிலேயே போஜ்புரி, மைதிலி, மகஹி என்று மூன்று. இவர்களுக்கு இந்தி என்பது நமக்கு ஆபீஸ் இங்கிலீஷ் மாதிரி: வேலைக்குப் போதும், வலியைச் சொல்லப் போதாது.

மொழிபெயர்க்க யாரைப் பிடிப்பது? பல வருடம் இங்கேயே குடும்பத்தோடு இருந்து தமிழ் பழகிய, வேறு கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் கிடைப்பார்கள். அவர்களுடைய நேரத்துக்குக் காசு கொடுங்கள். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், முக்கியமாக அம்மாவின் உடம்பைப் பற்றியோ அப்பாவின் குடியைப் பற்றியோ பேசும்போது.

கம்பெனிக்குள்ள விடமாட்டேங்கறாங்க. எங்கதாங்க போய் இவங்களைப் பார்க்கறது?

ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் ரயில் நிலையம், காதர்பேட்டை, காய்கறிச் சந்தை, ரீசார்ஜ் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை. கடுகெண்ணெய் விற்கும் மளிகைக்கடை எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவில்தான் உங்கள் வேலை. வால்பாறை எஸ்டேட் என்றால் சம்பள நாளுக்கு அடுத்த நாள் பஜாரில். பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகள்தான் கஷ்டம். குடும்பம் முழுக்கப் பண்ணைக்குள்ளேயே தங்கியிருக்கும், வெளியே வரவே வராது. அங்கே அங்கன்வாடி ஊழியரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் பிடியுங்கள், அவர்களுக்குக் கதவு திறக்கும்.

ரேஷன் கார்டு பீகார்ல இருக்குது. இங்க அரிசி வாங்க முடியுமா?

முடியும். "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள அட்டையாக இருந்து, ஆதாரும் இணைந்திருந்தால், இங்குள்ள கடையில் விரல் வைத்து வாங்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம், இங்கிருப்பவர் தன் பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, மிச்சத்தை ஊரில் உள்ள குடும்பம் அங்கே வாங்கலாம். தமிழ்நாட்டு அட்டைக்குத் தரும் மானியப் பருப்பும் பாமாயிலும் இவர்களுக்குக் கிடையாது. அதைக் கேட்டுக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

நடைமுறையில் தடுக்குவது விரல் ரேகை. சாயப்பட்டறை ரசாயனத்திலும் வார்ப்படப் பட்டறை மணலிலும் தேய்ந்த விரலை மிஷின் ஏற்காது. வேறு விரல், வேறு நேரம் முயலலாம். கண் கருவிழிக் கருவி உள்ள கடையாகப் பார்த்துக் கூட்டிப்போகலாம். முதல் தடவை நீங்களும் கூடவே போங்கள். "ஸ்டாக் இல்லை" என்ற பதில் ஆளைப் பார்த்து மாறும்.

பள்ளிக்கூடத்துல டி.சி., பிறப்புச் சான்றிதழ் கேட்கறாங்க. ரெண்டும் இல்லைன்னா?

6 முதல் 14 வயது வரை எந்தக் குழந்தையையும் இந்த இரண்டுக்காகவும் திருப்பி அனுப்ப முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். தலைமை ஆசிரியரிடம் சட்டப் பிரிவை நீட்டுவதற்கு முன், பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை வாரிக் கையோடு கூட்டிப்போய் நிறுத்துங்கள். பாதி வேலை முடிந்துவிடும். சேர்க்கை குறைந்து தவிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கும் பிள்ளைகள் வேண்டும்.

சேர்ப்பது சுலபம், நிற்க வைப்பதுதான் பாடு. அம்மா அப்பா இருவரும் ஒன்றரை ஷிப்ட் போனால், ஒன்பது வயதுப் பெண்தான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பிக்கு அங்கன்வாடி கிடைத்தால் அக்கா பள்ளிக்கு வருவாள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் காலை உணவும் உண்டு என்று அம்மாவிடம் சொல்லுங்கள், ஷிப்டுக்கு ஓடும் வீட்டில் அது பெரிய விஷயம். தமிழ் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறு மாதத்தில் "ஏனுங்க மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்துவிடும்.

உடம்புக்கு முடியலைன்னா எங்க கூட்டிட்டுப் போறது? கார்டு எதுவும் இல்லைங்கறாங்க.

முதலில் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அது அவர் உரிமை. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். பிடித்தம் நடந்திருக்கும், கார்டு கைக்கு வந்திருக்காது. சம்பளச் சீட்டில் எண் இருக்கும். அதைக் கொண்டுபோனால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வேலை நடக்கும். இ.எஸ்.ஐ. இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் வெளிநோயாளியாகப் பார்க்கக் கார்டு எதுவும் தேவையில்லை.

கர்ப்பிணிகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி உடனே பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) போட்டுவிட வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்குப் போவார்களா, இங்கேயா என்று ஐந்தாம் மாதத்திலேயே பேசிவிடுங்கள். எட்டாம் மாதத்தில் தன்பாத் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசநோயாளிகள் ஊருக்குப் போனால் மருந்து நிற்கக் கூடாது. நிக்ஷய் என்ற காசநோய்ப் பதிவு நாடு முழுக்க ஒன்றுதான், இங்கிருந்தே அந்த மாவட்டத்துக்கு மாற்றிவிடலாம்.

மாசக் கடைசியில வேலையை விட்டு நின்னுட்டாரு, சம்பளத்தைப் பிடிச்சு வெச்சுட்டாங்க. நாளைக்கு ரயில். என்ன பண்றது?

இன்று இரவே மூன்று காரியம். எத்தனை ஷிப்ட், என்ன ரேட், யார் பொறுப்பில் வேலை என்று அவர் வாயால் சொல்வதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். ஷிப்ட் கார்டு, அடையாள அட்டை, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத்துக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ அவர் சார்பில் பேச ஒரு அதிகாரக் கடிதம். ஆள் ஊருக்குப் போனாலும் மனு தொழிலாளர் துறையில் நிற்கும். காண்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்றால் வேலை வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு. "அது காண்ட்ராக்ட் ஆளுங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

சட்டம் மாறியிருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1979ஆம் ஆண்டுச் சட்டம் அதில் கரைந்துவிட்டது. முன்பு காண்ட்ராக்டர் மூலம் வந்தவர் மட்டும்தான் "வெளிமாநிலத் தொழிலாளி". இப்போது தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும் அதில் வருவார். இது நல்லது. சட்டம் பொருந்த ஒரு இடத்தில் இப்படி ஐந்து பேர் இருந்தால் போதும் என்றிருந்தது பத்து பேர் ஆகிவிட்டது. சின்னப் பவர் டேபிள் (தையல்) யூனிட்டுகளை நினைத்தால் இது நல்லதில்லை.

மில் ஹாஸ்டல்ல பொண்ணுங்களைக் கேட்டா "நல்லாத்தான் இருக்கோம்"னு சொல்றாங்க. அப்புறம் நாம என்னங்க செய்ய முடியும்?

வார்டன் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? காண்ட்ராக்டரைப் பற்றி மேலே சொன்னது வார்டனுக்கும் பொருந்தும். நம் பகுதிக்கு இது புதிதல்ல. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென்மாவட்டத்துப் பெண்களை வைத்திருந்த சுமங்கலித் திட்ட காலத்திலும் இதே "நல்லாத்தான் இருக்கோம்" தான்.

"பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வராத, சாதாரணக் கேள்வி கேளுங்கள். கடைசியாக வீட்டுக்கு எப்போது பேசினீர்கள், யார் போனில்? போன ஞாயிறு எங்கே போனீர்கள்? ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது? ஆதார் எங்கே? மாதவிலக்கு நாளில் மிஷினை விட்டு எத்தனை தடவை போகலாம்? கார்டும் ஆதாரும் ஆபீஸில், போன் வார்டனிடம், ஞாயிறு வெளியே போகவில்லை என்று வந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

ஆதார்ல 19னு போட்டிருக்குது, பார்த்தா பதினஞ்சு மாதிரி தெரியுது.

ஆதார் அடையாளத்துக்குத்தான், வயதுக்கு ஆதாரம் ஆகாது. 2024இல் உச்ச நீதிமன்றமும் வயதைத் தீர்மானிக்க அதைவிடப் பள்ளிச் சான்றிதழையே நம்பச் சொன்னது. இளைஞர் நீதிச் சட்டப்படி முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. நீங்களே துப்பறிய வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் முதலில் பேசுங்கள். யாரோ வந்து வண்டியில் ஏற்றும்போதுதான் விஷயம் தெரியும் என்பது மீட்பு இல்லை.

அட்வான்ஸ் வாங்கிட்டுத்தானுங்களே வந்தாங்க? கடனை அடைக்காம போறது நியாயமா?

அடைக்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்று யாராவது சொன்ன நிமிடமே அது கடன் என்ற கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. செங்கல் சூளை, கோழிப்பண்ணை, கரும்பு வெட்டு, விசைத்தறி எங்கே என்றாலும் கோட்டாட்சியரிடம் மனு போகும். அவர் விசாரித்து விடுதலைச் சான்று தருவார். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வழி இருக்கிறது. சான்று இல்லாமல் ரயில் ஏற்றிவிட்டால் ஊரில் அவருக்கு எதுவும் கிடைக்காது, அதே தரகர் மறுபடி வாசலில் நிற்பார்.

ஆள் இறந்துட்டா என்னங்க நடைமுறை?

விபத்தோ சந்தேக மரணமோ என்றால் காவல் நிலையப் பதிவு, அரசு மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனை. உடலை விமானத்தில் அனுப்ப எம்பாமிங் சான்றும் போலீஸ் கடிதமும் வேண்டும். ஊரில் யாரிடம் ஒப்படைப்பது என்பதை அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் (பீகாரில் முகியா, ஒடிசாவில் சர்பஞ்ச்) பேசி முடிவு செய்யுங்கள். உடலை அனுப்புகிற அவசரத்தில் "எல்லாப் பணமும் வாங்கிவிட்டோம்" என்ற தாளில் உறவினரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதை வாங்கிப் படியுங்கள்.

இ.எஸ்.ஐ. உள்ளவர் வேலையின்போது இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு, ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய் வரை. பி.எஃப். உறுப்பினர் என்றால் சாவு வேலையால் வந்ததோ இல்லையோ, 7 லட்சம் வரை காப்பீடு. இதைக் கேட்டு வாங்குபவர்கள் ரொம்பக் குறைவு.

வடக்கத்தி ஆளுங்களை அடிக்கறாங்கன்னு வீடியோ வந்தப்ப எல்லாரும் பயந்து ஓடினாங்களே. அந்த மாதிரி நேரத்துல நாம என்ன செய்யணும்?

2023 மார்ச் மாதம் நடந்தது அது. வேறு மாநிலத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் வீடியோக்களைத் தமிழ்நாட்டில் நடந்ததாகச் சொல்லிப் பரப்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே இங்கு வந்து விசாரித்துப் போனது, பொய் பரப்பியவர்கள்மேல் வழக்கும் வந்தது. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தையும் பயந்து ஓடும் கூட்டமாகவே காட்டினார்கள்.

மறுப்புச் செய்தியைத் தமிழில் போட்டுப் பயனில்லை. பயந்தது இங்கிருந்தவர்களைவிட ஊரிலிருந்த அம்மாக்கள்தான். அன்று உருப்படியாக நடந்தது, தொழிலாளர்களே தங்கள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அறையையும் கம்பெனி வாசலையும் காட்டியதுதான். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதும் நான்கு பாராவுக்கு அந்த வலு வராது.

திருட்டு, கஞ்சா எல்லாம் இவங்க வந்தப்புறம்தான்னு வீட்டுக்காரங்க சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

சொற்பொழிவு வேண்டாம். குற்றம் செய்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. பயப்படுபவருக்குப் புள்ளிவிவரம் ஏறாது. ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கொடுங்கள், வாடகைக்கு ரசீது கொடுங்கள் என்று செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். நகல் மட்டும், அசல் வேண்டாம். அறைக்கு இவ்வளவு என்று இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறாரா என்பதையும் அப்படியே விசாரித்துவிடுங்கள். பயமும் லாபமும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே அதிசயம் இல்லை.

மேற்கு வங்கம்னு சொல்றாங்க, பேச்சைப் பார்த்தா வங்கதேசமோன்னு சந்தேகம். நான் போலீஸ்ல சொல்லணுமா?

பேச்சை வைத்து நாட்டைச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே வங்காளிதான். திருப்பூர், பல்லடம் பக்கம் கைதுச் செய்திகள் வரும்போதெல்லாம் முர்ஷிதாபாத், மால்டாவிலிருந்து வந்த இந்தியக் குடிமக்களும் சேர்ந்து நடுங்குகிறார்கள். சந்தேகத்துக்காகத் தேடிப் போய்ச் சொல்வது நம் தொழில் இல்லை.

அதற்காகப் பொய்யும் கூடாது. 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி தங்குமிடம், கல்வி நிறுவனம், மருத்துவமனை நடத்துபவர்கள் வெளிநாட்டவர் பற்றித் தகவல் தர வேண்டும். நீங்கள் அப்படி ஒரு இடத்தில் வேலை செய்தால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுதும் குறிப்பில் வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. உயிருக்கான உரிமையைத் தரும் 21ஆவது பிரிவு "குடிமகன்" என்று சொல்லவில்லை, எந்த மனிதருக்கும் என்கிறது. அகதிகளாக வந்த சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடத்தி வரப்பட்ட பெண் என்று தெரிந்தால் கணக்கே வேறு: அவர் குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர். தனியாக முடிவெடுக்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100க்குப் பேசுங்கள்.

முகாம்ல இருக்கற இலங்கைக்காரங்க தமிழ் பேசறவங்கதானே? அவங்களுக்கு என்ன பிரச்சினை?

மொழிப் பிரச்சினை இல்லை, மற்றதெல்லாம் உண்டு. பவானிசாகர், பூலுவபட்டி முகாம்களில் இருப்பவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தத்திலும் இவர்கள் இல்லை. 2021இல் தமிழக அரசு பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றி வீடும் கட்டித் தந்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களை, தாள் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கியது. குடியுரிமை மட்டும் இன்னும் இல்லை. நன்றாகப் படித்த பையன் பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் பெயின்ட் அடிக்கப் போகிறான். அவனிடம் "உங்களுக்கு என்ன குறை" என்று கேட்டுவிடாதீர்கள்.

எங்க நிறுவனத்துக்குக் காசு கொடுக்கறதே அந்தக் கம்பெனியோட சி.எஸ்.ஆர். தானுங்க. புகார் வந்தா நான் யார் பக்கம்?

நேர்மையான கேள்வி. ஊரில் நிறையப் பேர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கென்று (அதுதான் சி.எஸ்.ஆர்.) செலவழிக்க வேண்டிய நிறுவனங்கள் நம் பக்கம் நிறைய. அந்தக் காசு தையல் வகுப்புக்கும் மருத்துவ முகாமுக்கும் வரும், ஷிப்ட் நேரத்தைக் குறைக்க வராது.

நீங்கள் தொழிலாளி பக்கம்தான். ஆனால் வேலையை இழந்துவிட்டால் யார் பக்கமும் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒப்பந்தம் போடும்போதே, குழந்தைத் தொழில், பாலியல் தொல்லை, அடைத்து வைப்பது ஆகிய மூன்றிலும் நேரே அரசுத் துறைக்குப் போவோம் என்று எழுத்தில் வாங்கச் சொல்லி உங்கள் மேலதிகாரியை நச்சரியுங்கள். ஒத்துக்கொள்ளாத கம்பெனியின் காசு வேண்டாம் என்று சொல்லும் நிறுவனம் உங்களுடையது இல்லை என்றால், புகாரைத் தொழிற்சங்கம் வழியாகவோ சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகவோ அனுப்புங்கள். அங்கே உங்கள் பெயர் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்துக்காக அலையா அலைஞ்சோம். சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டாங்க. கேஸை மூடிடலாமா?

எப்போது போனார்கள் என்று பாருங்கள். தீபாவளிக்குப் பின் என்றால் பீகார்க்காரர்கள் சட் பூஜைக்குப் போயிருப்பார்கள். மாசி, பங்குனியில் ஹோலி, ஏப்ரலில் அசாம்காரர்களுக்கு பிகு, புரட்டாசி, ஐப்பசியில் வங்காளிகளுக்குத் துர்கா பூஜை. நடுவில் நெல் நடவு, அறுவடை, தங்கை கல்யாணம், தேர்தல். முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவார்கள், அதே கம்பெனிக்கு இல்லை, அதே தெருவுக்கு. சொல்லாமல் போனதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குப் போகும் யாரும் ஆபீசரிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை.

"தொடர்பு இல்லை" என்று மூடாமல் "ஊரில் இருக்கிறார்" என்று எழுதி வையுங்கள். இங்குள்ள எண் போகும்போது அணைந்துவிடும், ஊரில் உள்ள ஒரு எண்ணை முதல் சந்திப்பிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். யு.ஏ.என். எண், இ.எஸ்.ஐ. எண், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எண், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் நகலெடுத்து அவர்கள் கையிலும் ஒன்று கொடுங்கள். ரயில் பெட்டியில் பை தொலையும், அதனால் ஒரு போட்டோ அவர்கள் போனிலும் இருக்கட்டும்.